ஒன்றாகிப்போன நான்கு

அம்மாவுக்குக் கண்புரை அறுவை முடிந்த மூன்றாம் நாள் கண் சிவந்து வீங்கிவிட்டது. அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எதையும் கடிகாரம் பார்த்துச் செய்கிறவர். பெஹாலா கண் மருத்துவமனையில் தந்த தாளைப் பார்த்து மணிக்கு ஒரு தரம் சொட்டு மருந்து விட்டிருக்கிறார்.

"எரியுது எரியுதுன்னு கத்தினேன், கேட்டாத்தானே" என்றாள் அம்மா.

"தாள்ல போட்டிருக்கு. நான் என்ன பண்ணட்டும்?" என்று அப்பா அதை என்னிடம் நீட்டினார்.

வாங்கிப் பார்த்தேன். என் எழுத்து.

லேக் கார்டன்ஸ் பகுதியில் எங்கள் வீட்டு மேசையில் இரண்டு வருஷம் உட்கார்ந்து நான் வரைந்த ஆங்கில எழுத்துரு அது. பட்டை நிப் பேனாவால் எழுதி எழுதிப் பார்த்துக் கணினியில் ஏற்றியது. தடித்த கோடு சட்டென்று மயிரிழையாக மெலியும். பெயர்ப்பலகைக்கும் புத்தக அட்டைக்குமானது. அதைக் கடுகளவு குறுக்கி, வெளிர் நீலத்தில் அச்சிட்டிருந்தார்கள். நான்கு என்ற எண்ணின் சாய்கோடும் குறுக்குக்கோடும் அழிந்துபோய், தடித்த செங்குத்துக் கோடு மட்டும் ஒன்று போல நின்றது. நாலு மணி நேரத்துக்கு ஒரு தரம் விடவேண்டிய மருந்து!

அம்மாவை டாக்சியில் அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். மருந்து அதிகமானதால்தான், பயமில்லை என்றார் மருத்துவர். நான் நேராக மேலாளரிடம் போய்த் தாளை வைத்தேன்.

"இதுவரைக்கும் யாரும் குறை சொல்லலியே தீதி" என்றார் அவர் வங்காள மொழியில், என்னை அக்காவென்று அழைத்து. "வாசல் பலகையில இருக்கிற அதே எழுத்துதான். எவ்வளவு அழகா இருக்கு!"

"அதை வரைஞ்சதே நான்தான்."

அவர் முகம் மலர்ந்தது. "அட! அப்போ நீங்க சந்தோஷப்படணுமே?"

அவர் மேசையிலிருந்த மார்க்கரை எடுத்துக்கொண்டு காத்திருப்போர் கூடத்துக்குப் போனேன். கண்ணில் கட்டோடு இருந்தவர்களிடம் தாளைக் கேட்டு வாங்கி, ஒவ்வொன்றிலும் பெரிதாக, மொட்டையாக, நான்கு என்ற எண்ணை எழுதினேன். பின்னாலேயே ஓடிவந்தார் மேலாளர்.

"என்ன பண்றீங்க?"

"நீங்க பண்ணவேண்டியதை."

காளிகாட்டிலிருந்து வந்திருந்த ஒரு பெரியவர் தாளை முகத்தருகே கொண்டுபோனார். "நானும் ஒண்ணுன்னுதானே நெனச்சேன்" என்றார். மேலாளர் அவர் கையிலிருந்த தாளை வாங்கிப் பார்த்தார். மறுவாரம் சாதாரண எழுத்தில் புதுத் தாள் வந்தது.

ஆனால் என் கோபம் தீரவில்லை. முதலில் வரைந்தபோது அந்தக் கோடுகள் அவ்வளவு மெலிதாக இல்லை. கடைசி நாளில், அழகுக்காக, நான்தான் இன்னும் மெலிதாக்கினேன். பெரிய அளவில் மட்டும் பயன்படுத்தவும் என்று எழுத்துருவோடு தந்த குறிப்பில் எங்கோ ஒரு வரி எழுதியதோடு என் பொறுப்பு முடிந்தது என்றிருந்தேன்.

அம்மாவின் கண் தேறிவிட்டது. அப்பா மட்டும் அதற்குப் பிறகு மருந்துப் புட்டியைத் தொடவேயில்லை. "நீயே விடும்மா, எனக்குப் படிக்கத் தெரியல" என்று சொல்லிவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுவார்.