மூன்று பாட்டில் நல்லெண்ணெய்

செங்கோட்டையைத் தாண்டியதும் மலைப்பாதை வளைந்து வளைந்து ஏறுகிறது. மன்றோ தீவுக்குப் போகும் எங்கள் காரைக் கேரள எல்லைச் சோதனைச் சாவடியில் நிறுத்துகிறார்கள். புதுச்சேரி நம்பர் பிளேட்டைப் பார்த்ததுமே காவலர் முகத்தில் ஒரு நம்பிக்கை வருகிறது.

"டிக்கியத் திறக்கணும், சாரே."

திறக்கிறேன். மாமியாரின் துணிப்பைக்குள் மூன்று பிராந்தி பாட்டில்கள், லேபிளோடு. வாழ்க்கையில் ஒரு சொட்டுக் குடித்ததில்லை நான். ஆனாலும் வேர்த்துக் கொட்டுகிறது. தீவுக்குப் பதில் போலீஸ் ஸ்டேஷன்தான் என்று நினைக்கையில் மாமியார் காரிலிருந்து இறங்கி வருகிறார்.

"மோந்து பாருப்பா, நல்லெண்ணெ. பக்கத்து வூட்டுல காலி பாட்டில் குடுத்தாங்க, ஊத்தி எடுத்தாந்தேன். உங்க ஊர்ல மீன தேங்காண்ணெயில வறுப்பீங்களாமே? எம் மாப்ளைக்கு அது ஒத்துக்காது."

காவலர் முகர்ந்து பார்க்கிறார். பிறகு என்னைப் பார்க்கிறார்.

"சாருக்கு ஒத்துக்காதா?"

தேங்காயெண்ணெயில் வறுத்த கரிமீனுக்காகத்தான் நான் இந்த மலையையே ஏறிக்கொண்டிருக்கிறேன். மாமியார் என் முகத்தையே பார்க்கிறார்.

"ஒத்துக்காதுங்க."

மாமியார் திருப்தியாகப் பாட்டில்களை மறுபடி பைக்குள் அடுக்குகிறார். நான் ஸ்டீயரிங் முன்னால் உட்கார்ந்ததும் காவலர் ஜன்னலில் குனிந்து குரலைத் தாழ்த்துகிறார்.

"படகுத்துறை பக்கம் ஒரு கடை உண்டு. நல்ல கரிமீன். அம்மாவ முதல்ல படகுல இருத்திட்டு, சாரு போயி சாப்பிடுங்க."

மாமியார் வந்து ஏறுவதற்குள், பின்சீட்டிலிருந்து மனைவி என் தோளைத் தட்டுகிறாள்.

"எனக்கும் ரெண்டு சொல்லிடுங்க."