ஆர்த்திஷோவும் அஞ்சலாட்சியும்

மதாம் வீட்டுக் குசினியிலிருந்து அஞ்சலாட்சியை விரட்டியது ஒரு பூ. நினைத்தால் எனக்கு இன்னும் பற்றிக்கொண்டு வருகிறது.

சாரம் கிராமத்தில் அவள் எனக்குப் பக்கத்து வீடு. புருஷன் சாமிக்கண்ணு மில்லில் கை நசுங்கி வீட்டோடு உட்கார்ந்த பிறகு, 1957இல், கடற்கரைப் பக்கம் ஒரு பிரெஞ்சு வீட்டுக்குச் சமைக்கப் போனாள். அவள் சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்த மதாமோ வேலை வாங்கவும் திட்டவும் போதுமான தமிழ் கற்றவள்.

ஒருமுறை, மறுநாள் விருந்து என்று அவளைப் பெரிய மார்க்கெட்டுக்கு அனுப்பி, ஆர்த்திஷோ வாங்கிவரச் சொன்னாள். மலையிலிருந்து எப்போதாவது வருகிற சரக்கு. தாமரை மொட்டு மாதிரி, பச்சையாக, மடல் மடலாக இருந்தது. அஞ்சலாட்சி அதைக் கண்ணால் கண்டதில்லை. ஆனால் வாழைப்பூ வாங்கிப் பழகிய கை அல்லவா? மடல் விரிந்ததை, நுனி கறுத்ததை ஒதுக்கிவிட்டு, இறுக மூடிக் கையில் கனத்ததாக ஆறு பொறுக்கினாள். தண்ணீரில் கழுவாமல், ஈரத்துணியில் சுற்றி ஐஸ் பெட்டியில் வைத்தாள். காலையில் எடுத்தபோது பறித்தது போலவே இருந்தன. அதுவரை ஒரு குறையும் இல்லை.

"இத எப்படி ஆக்கறது மதாம்?" என்று போய்க் கேட்டாள்.

கண்ணாடி முன் தலை வாரிக்கொண்டிருந்த மதாம் திரும்பக்கூட இல்லை. "அதுவும் பூதானே? போ, போ."

பூ என்றால் வேறென்ன செய்வாள்? நாலை எடுத்து, மடலையெல்லாம் உரித்துத் தன் வீட்டு ஆட்டுக்கென்று ஒதுக்கினாள். அடிக்கட்டையை வெட்டி எறிந்தாள். நடுவில் இருந்த மெல்லிய இழைகளை ஆய்ந்து, வெண்ணெயில் வதக்கி மேசைக்கு அனுப்பினாள்.

அது அத்தனையும் சுணை. முதல் வாயிலேயே விருந்தாளி ஒருவர் தொண்டையைப் பிடித்துக்கொண்டு இருமினார். மற்றவர்கள் சிரித்தார்கள். மதாம் முகம் சிவக்கக் குசினிக்கு ஓடிவந்தாள்.

"முழுசா வேகவைக்கணும்! மடலோட அடியப் பல்லால சுரண்டணும்! நடுவுல இருக்கிற நாரை வழிச்சு எறியணும்! அடிச்சதைதான் ருசி! மூளை இல்ல உனக்கு? நாளைக்கு வராதே!" மிச்சமிருந்த இரண்டையும் அவள் காலடியில் வீசினாள். "கொண்டு போய் உன் ஆட்டுக்குப் போடு!"

"நான் கேட்டனே மதாம்..." என்றாள் அஞ்சலாட்சி. அதைக் காதில் வாங்க அங்கே யாருமில்லை.

அன்று சாயங்காலம் அந்த இரண்டையும் முழுதாக வேகவைத்து என்னையும் கூப்பிட்டாள். மடல் மடலாகப் பிய்த்துப் பல்லில் இழுத்தோம். நாரைக் கரண்டியால் வழித்துப் போட்டு, அடிச்சதையை உப்பும் மிளகும் தூவிப் பங்கு வைத்தாள். வாயில் வைத்ததும் கரைந்தது.

"நல்லாத்தான் கீது" என்றார் சாமிக்கண்ணு, மெதுவாக.

அஞ்சலாட்சி தட்டைத் தள்ளிவிட்டாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது.

"இதுல என்னா பெரிய வித்தை கீது? வேகவைக்கறது, வழிச்சுப் போடறது, அவ்ளோதான! திட்டறப்ப அத்தனையும் வாய் நிறைய சொன்னாளே, நான் கேக்கறப்ப சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வலிச்சுதா?"