எல்.சி. முருகனின் கார்

எங்கள் செக்‌ஷன் ஆபீஸில் முருகதாஸுக்கு எல்.சி. முருகன் என்று பெயர். மின்வாரியத்தில் அவர் லைன்மேன். நான், நாராயணபெருமாள், சப்ஸ்டேஷனில் ஆபரேட்டர். கம்பத்தில் ஏறுவதற்கு முன்பு லைன்மேன் எனக்குப் போன் போட வேண்டும். நான் லைனை நிறுத்தி, நேரத்தை ரிஜிஸ்தரில் எழுதி, 'லைன் கிளியர்' என்று ஒரு நம்பர் சொல்வேன். அதுதான் எல்.சி. அது கிடைத்த பிறகே கம்பியில் கை வைக்கலாம். சட்டம் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் எல்.சி. வராமல் ஏணியைக்கூடச் சாய்க்காதவர் இருபத்திரண்டு வருஷத்தில் முருகதாஸ் ஒருவர்தான்.

அதற்குக் காரணம் சகாயம். முருகதாஸ் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அவரோடு ஜோடியாகப் போனவன். லைன் நின்றிருக்கும் என்று தானே முடிவு செய்து ஏறினான். கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தவர் முருகதாஸ். அதன் பிறகு அவர் சூடு கண்ட பூனை.

"சோறு வைக்கட்டா? எல்.சி. உண்டா?" என்று அவர் மனைவி லீலாபாய் கேலி செய்வாள். எங்கள் முன்னால்தான் கேட்பாள். அவரும் சிரித்துக்கொண்டே, "பெருமாளண்ணே, சோத்துல கை வைக்கட்டா?" என்று என்னைக் கேட்பார்.

முருகதாஸ் ஓய்வு பெற்ற மறு வருஷம் லீலாவுக்குப் பக்கவாதம் வந்தது. வலது பக்கம் விழுந்தது, பேச்சும் போனது. வாரம் மூன்று நாள் மார்த்தாண்டத்தில் பிசியோதெரபி. மஸ்கட்டில் நர்ஸாக இருக்கும் மகள் நந்தனா, அம்மாவை ஆட்டோவில் குலுக்கிக்கொண்டு போகக் கூடாது என்று ஒரு கார் வாங்கிக் கொடுத்தாள். சாவியைத் திருக வேண்டாம், பட்டனை அமுக்கினால் போதும். இரண்டு ரிமோட் கொடுத்தார்கள். ஒன்று முருகதாஸின் சட்டைப் பையில், இன்னொன்று பீரோவில்.

கார் வந்த நாலாம் மாசம் அஞ்சுகிராமத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்பும்போது அது செத்தது. விளக்கெல்லாம் அணைந்து, நாலு கதவும் தானாகப் பூட்டிக்கொண்டன. ஐந்து நிமிஷத்தில் தானாகவே உயிர் வந்தது. வீட்டுக்கு வந்ததும் முருகதாஸ் பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரி டெர்மினல் லேசாக ஆடியது. ஸ்பானரால் ஒரு திருகு திருகினார். அவ்வளவுதான் செய்தார். சர்வீஸ் சென்டரில் அதற்குக் கிடைத்த வசவை நான் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"யார் சார் இதுல கை வச்சது? இனிமே எதைத் தொட்டாலும் எங்களைக் கேட்டுட்டுத் தொடுங்க. இல்லேன்னா வாரண்டி போயிரும்."

மனுஷன் வாழ்நாளெல்லாம் கரண்டோடு குடித்தனம் பண்ணியவர். அவரிடம் போய் ஒரு டை கட்டிய பயல் இப்படிப் பேசுகிறானே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முருகதாஸ் கோபப்படவே இல்லை. "அவன் சொல்லது நியாயம்தாண்ணே. நான் எல்.சி. வாங்காமலே கை வச்சது தப்பு" என்றார்.

அதன்பின் இரண்டு தடவை அதே கோளாறு. இரண்டு தடவையும் ஐந்து நிமிஷத்தில் தானாகச் சரியானது. சர்வீஸ் சென்டரில் வயரைச் செருகிப் பார்த்துவிட்டு, "கம்ப்யூட்டர்ல ஃபால்ட் ஒண்ணும் காட்டலை சார்" என்று திருப்பி அனுப்பினார்கள். ஃபால்ட் கம்ப்யூட்டரிலா காட்டும்? நடுரோட்டில் அல்லவா காட்டும்! இதை நான் அங்கேயே கத்திச் சொல்லியிருக்க வேண்டும். வீட்டில் வந்துதான் கத்தினேன்.

ஏப்ரல் மாசம் ஒரு செவ்வாய்க்கிழமை. பிசியோதெரபி முடித்து, மார்த்தாண்டம் சந்தைக்குப் பின்னால் ஒரு வெட்டவெளியில் காரை நிறுத்தினார். காலை நீட்டிக்கொள்ள வசதியாக லீலா பின் சீட்டில் இருந்தாள். ஓடும்போது இரண்டு தடவை கதவுப் பிடியை இழுத்துவிட்டதால், பின் கதவுகள் உள்ளிருந்து திறக்காதபடி லாக் போட்டிருந்தார். இன்ஜினும் ஏசியும் ஓடட்டும் என்று விட்டு எதிர்ச் சாரியில் மருந்து வாங்கப் போனார். திரும்பி வரும்போது கார் செத்துக் கிடந்தது. நாலு கதவும் பூட்டியிருந்தன. ரிமோட்டை அமுக்கினார். அசைவே இல்லை.

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். "கதவை நெம்பிராதீங்க சார், வயரிங் போயிரும். டெக்னீஷியன் பக்கத்துலதான் இருக்கார். பத்து நிமிஷம்."

பத்து நிமிஷம் நின்றார். கண்ணாடி வழியாக லீலா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இடது கையால் கண்ணாடியைத் தட்டினாள். "இப்ப சரியாயிரும் லீலா, செத்த பொறு" என்று வெளியிலிருந்து சொல்லிக்கொண்டே இருந்தாராம். மறுபடி போன் போட்டார். டெக்னீஷியன் டிராஃபிக்கில் மாட்டியிருக்கிறார், இன்னும் பத்து நிமிஷம் என்றார்கள்.

அப்போதுதான் எனக்குப் போன் போட்டார். மணி பதினொன்று ஐம்பத்தைந்து. என் போனில் அது இன்னும் இருக்கிறது, நான் அழிக்கவில்லை.

"பெருமாளண்ணே, காரு பின்னயும் பூட்டிப் போச்சு. லீலா உள்ள இருக்கா. கண்ணாடிய ஒடைக்கட்டா?"

நான் வீட்டில் மின்விசிறிக்குக் கீழே பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தேன். "புதுக் காரு ஓய். ஒடச்சிட்டு நந்தனாவுக்கு என்ன பதில் சொல்லுவீரு? அஞ்சு நிமிசத்துல அதுவே தெறக்கும்லா. ஆளும் வருவான். பொறும்" என்றேன்.

"செரிண்ணே" என்றார்.

ஏசி ஓடுகிறதா என்று நான் கேட்கவில்லை. சப்ளை இருக்கிறதா இல்லையா என்பதுதான் ஓர் ஆபரேட்டர் கேட்க வேண்டிய முதல் கேள்வி. முப்பது வருஷம் அதைக் கேட்டுத்தான் சம்பளம் வாங்கினேன். அன்றைக்குக் கேட்கவில்லை.

ஆட்கள் கூடினார்கள். ஒருவன் கல்லை எடுத்தபோது, "கை வைக்காதே, ஆளு வாறான்" என்று முருகதாஸ் தடுத்துவிட்டார். கடைசியில் சந்தையில் மீன் விற்கும் குளோரி என்ற பெண் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். உள்ளே எட்டிப் பார்த்தாள். லீலாவின் தலை சாய்ந்திருந்தது, கை தட்டவில்லை.

"ஏலே கூறுகெட்டவனே! பொம்பள சாவக் கெடக்கா, ஒனக்குக் கண்ணாடியா பெருசு?"

அவள் ஓடிப்போய்த் தராசின் இரண்டு கிலோ எடைக்கல்லை எடுத்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. ஒரே அடி. முதல் போன் போட்டதிலிருந்து அதற்குள் நாற்பது நிமிஷம் ஆகியிருந்தது.

லீலாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன பிறகுதான் டெக்னீஷியன் வந்தானாம். அவன் வந்தபோது காரில் விளக்குகள் தானாகவே எரிந்து, ஏசியும் ஓடிக்கொண்டிருந்ததாம். மூன்றாம் நாள் லீலா இறந்தாள். நந்தனா வந்து இறங்கும்போது தாயை ஐஸ் பெட்டியில்தான் பார்த்தாள். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பதினாறு கழிந்ததும், காரை நானே பீரோவில் கிடந்த ரிமோட்டோடு சர்வீஸ் சென்டருக்குக் கொண்டு போனேன். சண்டை போடத்தான் போனேன். அங்கே மெக்கானிக் பையன் ஒருவன், "கரண்டு இல்லேன்னாலும் டிரைவர் டோரைத் திறக்கலாமே சார். உங்களுக்குச் சொல்லலையா?" என்றான். ரிமோட்டின் ஓரத்தில் பயறு அளவுக்கு ஒரு பட்டன். அதைத் தள்ளி இழுத்தான். உள்ளேயிருந்து ஒரு சின்ன இரும்புச் சாவி வந்தது. டிரைவர் கதவில் போட்டுத் திருகினான். கதவு திறந்தது.

நான் அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். கையில் வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்தான் என்று ஊரில் எவ்வளவு லேசாகச் சொல்கிறோம்! போட வந்த சண்டையைப் போடாமலே, காரை அங்கேயே விட்டுவிட்டு பஸ் ஏறினேன்.

அன்றைக்குக் கையில் வைத்திருந்த ரிமோட்டை முருகதாஸ் யாருக்கும் கொடுக்கவில்லை. சட்டைப் பையிலேயே வைத்திருக்கிறார். சாயங்காலம் என் வீட்டுக்கு வருவார், சாயா கிளாஸ் பக்கத்தில் அதை வைப்பார், சும்மா புரட்டிக்கொண்டிருப்பார். ஒவ்வொரு நாளும் என் உயிர் போய்ப் போய் வரும்.

போன வாரம் கேட்டே விட்டார்.

"அண்ணே, இதுல ஓரத்துல சின்னதா ஒரு பட்டன் இருக்கே. இது என்னத்துக்குண்ணே? அமுக்கிப் பாக்கட்டா?"

"எனக்கும் தெரியாது ஓய்" என்றேன். "அதுல கை வைக்காதேயும்."

"செரிண்ணே" என்று அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.