போர்மேன் சார் சேர்க்கச் சொன்ன வளையம்

போர்மேன் சார் என் மேசைமேல் வைத்த அந்த நான்கு தாள்கள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. மன்னார்புரத்தில் காப்புரிமை விண்ணப்பங்கள் எழுதிக் கொடுப்பது என் தொழில். அவர் பொன்மலை ரயில்வே பணிமனை இரைச்சலில் பாதிக் காதைத் தொலைத்து, ஓய்வுபெற்று ஸ்ரீரங்கத்தில் குடியிருந்தவர். மனைவிக்கு இதயம் பலவீனம். அதன் துடிப்பைத் தானே கேட்க வேண்டுமென்று, ஒலியைப் பெருக்கித் தரும் ஸ்டெதாஸ்கோப் ஒன்றைச் செய்திருந்தார். தாள்களில் அதன் உறுப்புகள் அத்தனையும் இருந்தன, கடைசி வாஷர் வரைக்கும்.

"எதையும் விட்டுடாதீங்கம்மா. ஒர்க்‌ஷாப்ல லிஸ்ட்ல விட்டுப்போன சாமான் வண்டியிலயும் விட்டுப்போயிடும்" என்றார்.

எல்லாவற்றையும் எழுத வேண்டாம் என்று நான் சொன்னதும் வாஷரை விட்டுக்கொடுத்தார். வெளிச்சத்தம் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையத்தை மட்டும் விடமாட்டேன் என்றார். அது இல்லாவிட்டால் ஒன்றுமே கேட்காதாம். எதற்குப் பாதுகாப்பு கேட்கிறோம் என்று எழுதும் உரிமைக்கோரலில் வளையத்தைச் சேர்த்தால், வளையம் உள்ள கருவிக்கு மட்டும்தான் பாதுகாப்பு என்று சொன்னேன். அழுத்திச் சொன்னேனா, சும்மா முணுமுணுத்தேனா? அவர் முகம் வாடியதைப் பார்த்துச் சேர்த்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்!

காப்புரிமை கிடைத்தது. கொஞ்ச காலத்தில் ஒரு நிறுவனம் அதே கருவியை வளையம் இல்லாமல் விற்பனைக்குக் கொண்டுவந்தது. தடுக்க வழியில்லை என்று சொல்ல அவர் வீட்டுக்கே போனேன்.

"கூடுதலா எழுதினா கூடுதலாத்தானேங்க நம்முது ஆகணும்? எழுதினதாலயா போச்சு?"

எழுதும் ஒவ்வொரு உறுப்பும் பாதுகாப்பைச் சுருக்கும் என்று எத்தனையோ பேருக்கு விளக்கியிருக்கிறேன். அவருக்கும் அதையே சொன்னேன்.

அவர் அந்த நிறுவனத்தின் கருவியைக் கடையில் வாங்கி வைத்திருந்தார். "வளையம் இல்லாம இதுல ஒண்ணும் கேக்காது, பாருங்க" என்று மனைவியின் மார்பில் வைத்தார். மின்விசிறிச் சத்தம் தவிர வீட்டில் வேறு சத்தமில்லை. அவர் முகம் மாறியது.

"கேக்குதா?" என்றார் அவர் மனைவி.

"நல்லாவே கேக்குது."

பணிமனை இரைச்சலை மனதில் வைத்துச் செய்த வளையம் அது. இந்த அமைதியான அறைக்கு அது தேவையே இல்லை. இப்போதெல்லாம் யார் எதைச் சேர்க்கச் சொன்னாலும், "அது இல்லாம ஓட்டிப் பாத்தீங்களா?" என்று கேட்டுவிடுகிறேன். அன்று எனக்கு அது தோன்றவேயில்லை.

"போதும், எடுங்க, அவங்க பாக்கறாங்க" என்றார் அவர் மனைவி கூச்சத்துடன். போர்மேன் சார் எடுக்கவில்லை. கண்ணீர் வழிந்தது. பறிபோனதை நினைத்து அழுதாரா, காதில் விழுந்ததைக் கேட்டு அழுதாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.