தண்ணீர் ஊற்றாத மீன்தொட்டி

மீன் வாங்கியவர்கள் மறுநாளே சண்டைக்கு வருவார்கள்; செடி வாங்கியவர்கள் மாதக்கணக்கில் காத்திருந்துவிட்டுத் தயங்கித் தயங்கி வருவார்கள். சத்திரம் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் மீன்தொட்டிக் கடை வைத்திருக்கும் எனக்கு இரண்டாவது வகையினரோடுதான் உறவு அதிகம். தொட்டியின் தரை முழுக்கப் புல்வெளி மாதிரி படரும் குட்டைச் செடியை நாங்கள் கார்பெட் என்போம். அதை நட்டுவிட்டுத் தினமும் கண்ணாடியில் மூக்கை ஒட்டி நிற்கும் உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

கூரை

ஸ்ரீரங்கத்தில் பாத்திரக் கடை வைத்திருப்பவர் ஒருவர். கொள்ளிடத்து மணலைக் கழுவிப் பரப்பி, தண்ணீர் நிரப்பி, செடியை நட்டு, அன்றைக்கே தங்க மீன்களையும் விட்டுவிட்டார். வேர் பிடிக்காத செடியைத் தங்க மீன் சும்மா விடாது. நான் போய்ப் பார்த்தபோது தரையில் மணல் மட்டும் இருந்தது. செடி முழுக்க மேலே மிதந்தது. எப்படி ஆறுதல் சொல்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்க, அவரே சொன்னார்: "விடுங்க, மீனுக்குக் கூரை போட்ட மாதிரி இருக்கு."

பாத்தி

அதற்குப் பிறகு கார்பெட் கேட்டு வருகிறவர்களிடம் தண்ணீரே ஊற்ற வேண்டாம் என்று சொல்லத் தொடங்கினேன். மண்ணை ஈரமாக்கிச் செடியை நட்டு, தொட்டியின் வாயைப் பிளாஸ்டிக் தாளால் மூடிவிட வேண்டும். விளக்கு எரியும், தினமும் கொஞ்சம் நீர் தெளித்தால் போதும். வேர் பிடித்துத் தரை மூடிய பிறகுதான் தண்ணீர்.

பாலக்கரை ஷமீமா இந்த முறைக்கு உடனே சம்மதித்தார். அவருடைய கணவர் வளைகுடாவில், தம்மாமில் ஓர் ஓட்டலில் வேலை பார்க்கிறார். அங்கே வாசலில் இப்படி ஒரு தொட்டி இருக்கிறது. "நின்னு பாக்க நேரமில்லையாம். நம்ம வீட்ல உக்காந்து பாக்கணும்கறாங்க" என்றார் ஷமீமா. நோன்புப் பெருநாளுக்குக் கணவர் லீவில் வருவதற்குள் தரை பச்சையாகிவிட வேண்டும். தண்ணீரும் மீனும் இல்லாத தொட்டியை மாமியார் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "மீன்தொட்டின்னு சொல்லிட்டு என் மருமக கீரைப் பாத்தி கட்டியிருக்கா."

முதல் தண்ணீர்

பெருநாளுக்கு முன்பே தரை மூடிவிட்டது. ஆனால் கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. ஹஜ்ஜுப் பெருநாளுக்குத் தள்ளிப்போனது. செடி ஒன்றன்மேல் ஒன்றாக ஏறி மெத்தை மாதிரி தடித்தது. நான் போய்க் கத்தரித்துக் கொடுத்தேன். "இப்பவே தண்ணி ஊத்திடுங்கம்மா. காத்துல வளந்த இலை தண்ணிக்குள்ள போனா முதல்ல அழுகும். அப்புறம்தான் தண்ணிக்கு ஏத்த புது இலை வரும். அவர் வர்றதுக்குள்ள தெளிஞ்சிடும்" என்றேன்.

ஷமீமா தாளை இழுத்துத் திரும்ப மூடினார். ஓரங்களை விரலால் அழுத்தினார்.

"முதல் தண்ணி அவங்க கையாலதாண்ணே."

மஞ்சள்

அவர் வந்தார். மண் கலையாமலிருக்கத் தட்டு ஒன்றை வைத்து, அதன்மேல் சொம்பு சொம்பாக ஊற்றினாராம். ஷமீமா போனில் சொன்னபோது பின்னால் அவர் சிரிப்பது கேட்டது.

அடுத்த வாரம் இருவருமே கடைக்கு வந்தார்கள். ஷமீமா என் முகத்தைப் பார்க்கவில்லை. கணவர்தான் பேசினார். புல் மஞ்சளாகி, கண்ணாடி மாதிரி ஆகிக் கரைகிறது, நாற்காலி போட்டு அதைத்தான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்றார். குரலில் குறை இல்லை. வேர் உயிரோடுதான் இருக்கும், பிடுங்கிவிட வேண்டாம், புது இலை வரும் என்றேன்.

"எப்ப வரும்ணே?" என்றார் ஷமீமா.

சொன்னேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவருடைய லீவு அதற்கு முன்பே முடிகிறது.

ஷமீமா காட்சித் தொட்டிப் பக்கம் திரும்பிக்கொண்டார். அங்கே புல் அடர்ந்து கிடந்தது. கணவர் மனைவியின் தோள்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டு என்னிடம் சொன்னார்: "பச்சையானதும் வீடியோ கால்ல காட்டுவா பாய். எனக்கு வீட்ட அப்படிப் பாத்துத்தான் பழக்கம்."

புல் கட்டாயம் வரும் என்று இன்றைக்கும் எல்லோரிடமும் உறுதியாகச் சொல்கிறேன். பார்க்க வேண்டியவர் ஊரில் இருக்கும்போதே வருமா என்று கேட்டால் மட்டும் ஏதாவது ஒரு தொட்டியின் மோட்டாரைச் சரிபார்க்கப் போய்விடுகிறேன்.