பக்கத்து வீட்டு நாய்க்கு ஒரு கம்பளிச் சட்டை

ஒரே கொம்பனியில் பல வருடமாகச் சம்பளக் கணக்குப் பார்த்ததில் எனக்கு லோங் சேர்விஸ் லீவு சேர்ந்து கிடந்தது. அதை ஒரு குளிர்காலத்தில் மொத்தமாக எடுத்தேன். கணவருக்கு மலையில் வேலை கிடைத்ததுதான் காரணம். அவர் மின் பொறியியலாளர். பனி பெய்யும் மலைகளுக்குள் சுரங்கம் தோண்டும் வேலைத்தளம் ஒன்றில் அந்தக் குளிர்காலம் முடியும்வரை ஒப்பந்தம். மெல்போர்னில் எங்கள் கிளென் வேவர்லி வீட்டை யூனிவேர்சிற்றியில் படிக்கும் மகளிடம் விட்டுவிட்டு, மலையடிவாரத்துச் சின்ன ஊர் ஒன்றில் வாடகைக்கு வீடு எடுத்தோம்.

அங்கே போய் நான் என்ன செய்யப்போகிறேன் என்று மகள் ஆங்கிலத்தில் கேட்டாள்.

“ஒண்டும் செய்யமாட்டன். அதுக்குத்தானே லீவு” என்றேன்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எவ்வளவு கடினமான வேலை என்று அப்போது எனக்குத் தெரியாது. முதல் வாரம் பனி விழுந்தபோது சின்னப்பிள்ளை மாதிரி வெளியில் ஓடிப்போய் நின்றேன். டூங்கபியில் இருக்கும் அக்காவுக்கு வட்ஸ்அப்பில் படம் படமாக அனுப்பினேன். இரண்டாவது வாரம் பனி என்பது வாசலிலிருந்து நான் சவளால் அள்ள வேண்டிய ஒரு பொருளாக மாறிவிட்டது. கணவர் விடியமுன் வேலைத்தள பஸ்ஸில் போய், இருட்டிய பிறகு வருவார். நான் குசினியைத் துடைப்பேன். தேத்தண்ணி குடிப்பேன். துடைத்த குசினியை மறுபடி துடைப்பேன். கடைசியில் ஒரு கதிரையை யன்னலடிக்கு இழுத்துப் போட்டுக்கொண்டு வெளியே பார்க்கத் தொடங்கினேன்.

யன்னலுக்கு நேரே தெரிவது பக்கத்து வீட்டு விறாந்தை. அந்த வீட்டுக்காரர் தனி ஆள். வீதியில் விழும் பனியைத் தள்ளும் லொறி ஓட்டுகிறவர். அவரிடம் ஒரு கிரேஹவுண்ட் நாய் இருந்தது. முன்பு பந்தயத்தில் ஓடி, கால் பழுதானதும் ஒதுக்கப்பட்டதை அவர் எடுத்து வளர்த்தார். உடம்பில் கொழுப்பே இல்லாத சாதி. தோல் காகிதம் மாதிரி. உள்ளே போய்ப் படுப்பதற்குச் சலவையறைக் கதவில் அதற்கென்று ஒரு சின்ன வாசல் வெட்டியிருந்தார். ஆனால் அவர் லொறியில் போனபிறகு அது உள்ளே இருக்காது. விறாந்தை ஓரத்தில் வீதியைப் பார்த்துக்கொண்டே நிற்கும். முதுகில் கட்டிவிட்ட போர்வை கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வழுகிப்போகும்.

எனக்கு நாய் என்றால் பயம். சும்மா பயம் இல்லை. ஒன்பது வயதில் ரியூசனுக்குப் போகும் வழியில் ஒரு நாய் என் கெண்டைக்காலைப் பிடித்தது. தொப்புளைச் சுற்றி ஊசி போட்டார்கள். அதன்பிறகு நாய் நிற்கும் ஒழுங்கைக்குள் நான் கால் வைத்ததில்லை. மெல்போர்னில்கூட நாய் வளர்க்கும் சிநேகிதிகளின் வீட்டுக்குப் போவதென்றால், முன்கூட்டியே சொல்லி அதைக் கட்டச் செய்துவிட்டுத்தான் போவேன்.

ஒருநாள் காலை மழையும் பனியுமாகக் கொட்டியது. நாயின் போர்வை கழன்று தரையில் விழுந்துவிட்டது. அது அதன்மேலேயே நின்று நடுங்கிக்கொண்டு வீதியைப் பார்த்தது. நான் கணவருக்குப் போன் எடுத்தேன்.

“பக்கத்து வீட்டு நாய் நடுங்கிக்கொண்டு நிக்குது. போர்வை கழண்டு விழுந்திட்டுது.”

“அப்ப போய் எடுத்துப் போர்த்தி விடுமன்.”

“எனக்கு நாயெண்டால் என்னெண்டு உங்களுக்குத் தெரியாதே?”

“அப்ப யன்னல் சீலையை இழுத்து மூடிப்போட்டு இரும்” என்றார். அவர் பகிடியாகத்தான் சொன்னார். எனக்குச் சுர்ரென்று ஏறியது.

ஒரு துவாயை எடுத்துக்கொண்டு அந்த வீட்டுப் படலைவரைக்கும் போனேன். நாய் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தது. அவ்வளவுதான். கால் தன்பாட்டில் திரும்பி வீட்டுக்கு வந்துவிட்டது. மத்தியானம் அந்த மனிதர் வந்து போர்த்தும்வரை அது நடுங்கிக்கொண்டே நின்றது. நானும் யன்னலடியிலேயே நின்றேன்.

அன்று பின்னேரம் எனக்குள் ஒரு வீம்பு வந்தது. கிட்டப் போக முடியாவிட்டால் போகட்டும். கழன்று விழாத ஒரு சட்டையை என்னால் பின்ன முடியாதா?

பின்னல் எனக்கு முற்றிலும் புதிதில்லை. யாழ்ப்பாண வெயிலில் கம்பளி எதற்கு என்று யாரும் கேட்காமலே, எங்கள் கொன்வென்றில் தையல் பாடத்துக்கு எல்லாரும் ஒரு குழந்தைத் தொப்பி பின்னியே ஆகவேண்டும். நான் பின்னியதைக் கையில் எடுத்துப் பார்த்த சிஸ்டர், இது குழந்தையின் தலைக்கா முழங்காலுக்கா என்று கேட்டார். அதற்குப் பிறகு நான் பின்னல் ஊசியைத் தொடவில்லை.

ஊரில் பழைய சாமான் விற்கும் கடை ஒன்று இருந்தது. அங்கே ஒரு பையில், யாரோ பெரிய ஜம்பர் ஒன்றைப் பாதியில் விட்டு ஊசிகளோடேயே கொடுத்திருந்தார்கள். நல்ல தடித்த கம்பளி. கரும்பச்சை நிறம். வாங்கி வந்து அவ்வளவையும் பிரித்து உருண்டையாகச் சுற்றினேன்.

போனில் வீடியோ பார்த்துப் பார்த்து விரல்களுக்குப் பழைய பாடத்தை ஞாபகப்படுத்தினேன். நாயின் அளவை யன்னலால் பார்த்துக் கண்மதிப்பாக எடுத்தேன். ஒரு வாரத்துக்கு மேல் பின்னினேன். முடித்து, வேலிக்கு மேலால் அந்த மனிதரிடம் கொடுத்தேன். அவர் ஆச்சரியப்பட்டு, நன்றி சொல்லி, அந்த இடத்திலேயே நாய்க்குப் போட்டுப் பார்த்தார். தலை போனது. கழுத்து போனது. நெஞ்சடியில் இறுகிவிட்டது. கிரேஹவுண்டுக்கு இடுப்பு எவ்வளவு ஒடுக்கமோ நெஞ்சு அவ்வளவு ஆழம் என்பதைத் தூரத்தில் இருந்து பார்த்த நான் கவனிக்கவில்லை. நாய் அசையாமல் சிலை மாதிரி நின்றது. அவர் மெல்ல மெல்ல இழுத்துக் கழற்றினார்.

“இன்னொரு விசயம்” என்று சொல்லித் தொண்டையைச் செருமினார். “இது ஆண் நாய். வயிற்றுப் பக்கம் இவ்வளவு நீளம் வந்தால் ஒவ்வொரு முறையும் நனைந்துபோகும்.”

எனக்கு முகம் சூடாகிவிட்டது. பிறகு இரண்டு பேரும் சிரித்தோம்.

“நீங்களே அளந்து தருவீங்களா?” என்று கேட்டேன். அவர் அளந்தார். கழுத்தையும் நெஞ்சையும் ஒரே அளவாகச் சொன்னார். அது எப்படிச் சரியாகும் என்று மறுபடி கேட்டதற்கு வேறு அளவு சொன்னார். “எனக்கு லொறிதான் ஓட்டத் தெரியும். நீங்களே வந்து அளந்தால்தான் சரிவரும்” என்றார்.

அக்காவிடம் போனில் சொன்னேன்.

“உனக்கென்ன விசரே? வீட்டில மனுசருக்கு ஒரு தொப்பி பின்னிக் குடுக்கேல்ல, நாய்க்கு உடுப்போ?”

“ஓம், நாய்க்குத்தான். அதுக்குச் சரியா இருக்கும்வரைக்கும் நான் விடமாட்டன்.”

“நீயோ நாய்க்குக் கிட்டப் போறாய்? பாப்பம்” என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரருக்கு வேலை இல்லாத நாள்களில் போனேன். முதல்நாள் படலைக்கு உள்ளே கால் வைத்து, அங்கேயே நின்று அவரோடு கதைத்துவிட்டுத் திரும்பினேன். அடுத்தநாள் நடைபாதை பாதிவரை. அவர் ஒரு வார்த்தைகூட வற்புறுத்தவில்லை. நாயின் கழுத்துப்பட்டியைப் பிடித்தபடி, ரோட்டில் பனி எப்படி இறுகுகிறது என்பது பற்றி எல்லாம் கதைத்துக்கொண்டிருப்பார். பிறகு ஒருநாள் விறாந்தைப் படியில் போய் உட்கார்ந்துவிட்டேன். கை இரண்டையும் கோட்டுப் பைக்குள் இறுக்கி வைத்திருந்தேன்.

நாய் எழுந்து வந்தது. முகர்ந்தது. பிறகு பக்கவாட்டாகத் திரும்பித் தன் முழு உடம்பையும் என் தோளில் சாய்த்தது.

“ஐயோ!” என்று கத்திவிட்டேன். கத்தியது தமிழில் என்றாலும் அவருக்கு விளங்கியது.

“அது சாய்கிறது, அவ்வளவுதான். பிடித்தவர்கள் மேல் மட்டும்தான் சாயும்.”

அவர் அதை விலக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். நாய் நகர்ந்தால் இன்னொரு முறை எனக்குத் துணிவு வராது என்று தெரியும். பையிலிருந்து அளவு நாடாவை எடுத்தேன். கழுத்தை அளந்தேன். நெஞ்சைச் சுற்றி நாடாவைக் கொண்டுவந்தபோது, விலா எலும்புகளுக்குக் கீழே அதன் இதயம் அடிப்பது விரல்களில் தெரிந்தது. முதுகு நீளம், முன்கால்களுக்கு இடையிலுள்ள அகலம், வயிறு எங்கே முடியவேண்டும் என்பது எல்லாவற்றையும் எடுத்தேன். வீட்டுக்கு வந்து கதிரையில் விழுந்தபோது முதுகு முழுக்க வியர்த்திருந்தது. வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது.

முதல் சட்டையை அடியோடு பிரித்தேன். பிரித்த நூல் நூடில்ஸ் மாதிரிச் சுருண்டு கிடந்தது. அதை நனைத்து, விறகு ஹீற்றருக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு நேராக்கினேன். இந்த முறை கழுத்தில் தொடங்கினேன். ஒரு கண்ணியை முன்பக்கமாகவும் அடுத்ததைப் பின்பக்கமாகவும் மாற்றி மாற்றிப் பின்னினால் துணி ரப்பர் மாதிரி இழுபடும் என்று வீடியோவில் காட்டினார்கள். நெஞ்சுக்கு வரவரக் கண்ணிகளைக் கூட்டவேண்டும், வயிற்றுக்குப் போகப்போகக் குறைக்கவேண்டும். கால்களுக்கு விட்ட ஓட்டைகள் நெருங்கிவிட்டன என்று பாதியில் தெரிந்தது. பிரித்தேன். திரும்பவும் பின்னினேன். ஒரு கண்ணி நழுவியதைக் கவனிக்காமல் ஒரு சாண் தூரம் போயிருந்தேன். அதையும் பிரித்தேன்.

விரல் நுனிகள் வெடித்தன. தேங்காய் எண்ணெய் பூசிக்கொண்டு இருந்தேன். சாப்பாட்டு மேசையில் இருந்து பார்த்த கணவர், “இதுக்குள்ள நாலு சட்டை கடையில வாங்கியிருக்கலாம்” என்றார்.

“வாங்கியிருக்கலாம்தான்” என்றேன். ஊசியை நிறுத்தவில்லை.

சட்டை முடியும் தறுவாயில் பெரிய பனிப்புயல் வந்தது. மலைக்குப் போகும் பாதையை மூடிவிட்டார்கள். கணவர் வேலைத்தளத்து விடுதியிலேயே தங்கவேண்டியதாயிற்று. மத்தியானம் கரண்ட் போனது. சற்று நேரத்தில் பக்கத்து வீட்டுக்காரர் லொறியிலிருந்து போன் எடுத்தார். நாளைக்கு முன்னால் தன்னால் வீட்டுக்கு வரமுடியாது, பனி குவிந்து நாய் உள்ளே போகும் சின்ன வாசல் அடைபட்டிருக்கும் என்றார்.

“உங்களைக் கேட்கக் கூடாதுதான். ஊரின் மற்றப் பக்கத்தில் ஒரு நண்பர் இருக்கிறார். அவரால் வர முடியுமா என்று கேட்டுப் பார்க்கிறேன்.”

யன்னலால் எட்டிப் பார்த்தேன். நாய் வழக்கமான இடத்தில் நின்றது. போர்வை பாதி வழுகியிருந்தது.

“வேண்டாம். நான் போறன்” என்றேன்.

பூட்ஸைப் போட்டுக்கொண்டு, சவளால் வழி வெட்டியபடி போனேன். அவர் சொன்ன இடத்தில், ஆணியில் அதன் கயிறு தொங்கியது. கழுத்துப்பட்டியில் கொளுவும்போது என் முகத்துக்கு நேரே அதன் வாய் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு கொளுவினேன். “வா” என்றேன் தமிழில். வந்தது.

எங்கள் வீட்டுக்குள் வந்து எல்லா அறையையும் முகர்ந்து பார்த்துவிட்டு, ஹீற்றருக்கு முன்னால் படுத்தது. அப்போதும் நடுங்கியது. சட்டையில் கடைசிக் கரையும் வயிற்றுப் பக்கத் தையலும் மீதம். யன்னல் வெளிச்சம் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும் என்று உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் அது எழுந்து வந்து என் காலில் தாடையை வைத்துப் படுத்துக்கொண்டது. காலை எடுக்க நினைத்தேன். எடுக்கவில்லை. கண்ணிகளை ஒவ்வொன்றாக மூடினேன். தைத்தேன். நூலைப் பல்லால் கடித்து அறுத்தேன்.

தலையை உள்ளே விட்டேன். ஒரு கால். மற்றக் கால். முதுகில் இழுத்துவிட்டேன். நெஞ்சில் இறுகவில்லை, வயிற்றில் தொங்கவில்லை. நாய் எழுந்து தலையிலிருந்து வால்வரை உடம்பை ஒரு உதறு உதறியது. சட்டை அப்படியே இருந்தது.

தனியே நின்று கை தட்டினேன். நாய் மிரண்டு என்னைப் பார்த்தது.

மறுநாள் மத்தியானம் கணவர் வந்து கதவைத் திறந்தார்.

“என்னப்பா இது? நாயோ எங்கட செற்றியில?”

“சத்தம் போடாதேங்கோ. இப்பதான் நித்திரையாப் போச்சுது.”

அவர் சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை. போனை எடுத்துப் படம் பிடித்து அக்காவுக்கு அனுப்பினார். அக்காவிடமிருந்து பதிலுக்கு வெறும் கேள்விக்குறிகள்தான் வந்தன.

பக்கத்து வீட்டுக்காரர் பின்னேரம் வந்தார். இரண்டு நாள் நித்திரை இல்லாத கண். குனிந்து கழுத்தைச் சுற்றி விரலை விட்டுப் பார்த்தார், வயிற்றடியைப் பார்த்தார். “சரியாக இருக்கிறது” என்றார். மறுநாள் எங்கள் வாசலில் வெட்டிய விறகு அடுக்கிக் கிடந்தது.

மாற்றிப் போட இன்னொன்றும் பின்னினேன். முந்தினதைப் போல அதற்கு அவ்வளவு நாள் எடுக்கவில்லை. பனி கரைந்து புல் தெரியத் தொடங்கியபோது ஒப்பந்தம் முடிந்தது. கிளென் வேவர்லிக்குத் திரும்பிப் பழையபடி சம்பளக் கணக்குக்குப் போனேன். பூங்காவில் பெரிய நாயைக் கண்டால் இப்போதும் மறுபக்கம் கடந்து போகிறேன். அது அப்படித்தான் இருக்கிறது.

இந்த வருடக் குளிர் தொடங்கும்போது மலையடிவாரத்துப் பக்கத்து வீட்டுக்காரர் போன் எடுத்தார். இன்னொரு கிரேஹவுண்டைக் கொண்டுவந்திருக்கிறாராம். பெண். மிகவும் பயந்த சுபாவம், யாரையும் கிட்ட விடாதாம். ஏதாவது பின்னித் தர முடியுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். சனி ஞாயிறில் வருகிறேன் என்றேன்.

கணவருக்கு அந்த வாரம் லீவு கிடைக்கவில்லை. “தனியாப் போகப்போறீரோ? பாதையில பனி கிடக்கும், டயருக்குச் சங்கிலி பூட்டவேணும்” என்றார்.

“எப்பிடிப் பூட்டுறது எண்டு காட்டுங்கோ” என்றேன். கராஜுக்குள் பாயைப் போட்டு இருந்து, கை கறுக்கக் கறுக்க மூன்று தரம் பூட்டிக் கழற்றிப் பழகினேன். சனிக்கிழமை விடிய வெள்ளெனப் புறப்பட்டேன்.