நூறு ரூபாய்க்கு மேல் ஏறாத வீடு

என் அக்கா ஆரோக்கியமணி புனே கேம்ப் ஏரியாவில் ஒரு பள்ளிக்கூடத்தில் சின்னப் பிள்ளைகளுக்கு டீச்சர். அத்தான் வால்டர் ஒரு லாரி கம்பெனி ஆபீசில் கிளார்க். இருவருக்கும் வீடு மாறுவதைத் தவிர வேறு கெட்ட பழக்கம் கிடையாது. அதுவும் அவர்களாக விரும்பி மாறியதில்லை. தொண்ணூறுகளில் புனேயில் வாடகை வீடு என்றால் பதினோரு மாத அக்ரிமென்ட். பத்தாம் மாதம் ஓனர் சிரித்துக்கொண்டே படியேறி வந்தால் அக்கா காலிச் சாக்குகளைத் தேட ஆரம்பித்துவிடுவாள்.

எனக்கு அந்தக் கவலை இல்லை. என் வீட்டுக்காரருக்கு கட்கி வெடிமருந்து ஃபேக்டரியில் வேலை. ஒற்றை அறைதான் என்றாலும் குவார்ட்டர்ஸ். அதனால் டெம்போவில் சாமான் ஏற்ற ஒவ்வொரு முறையும் என்னைத்தான் கூப்பிடுவாள். எரவாடா, வானவடி, கோந்த்வா என்று காடாறு மாதம் நாடாறு மாதமாக அலைந்தார்கள். கோந்த்வா ஓனர் வாடகையை ஒரேயடியாகக் கால் பங்கு ஏற்றினார். கேட்டதற்கு, கம்ப்யூட்டர் வேலைக்கு வருகிறவர்கள் வாய் திறக்காமல் கொடுக்கிறார்களே என்றார். அந்த வாரம் அக்கா மகள் ஃபேபியோலாவுக்கு ஏழாம் வகுப்புப் பரீட்சை. எந்தப் புத்தகம் எந்தச் சாக்கில் போனதென்று தெரியாமல் பிள்ளை கணக்கில் தோற்றுப்போனாள்.

"ஏட்டி பவுனு, இவ பத்தாங் கிளாஸ் முடிக்குத வரைக்கும் இனி ஒரே வீடுதான். ஓட்டையோ ஒடசலோ, வாடக ஏறாத வீடா பாக்கப் போறேன்" என்றாள் அக்கா என்னிடம்.

புரோக்கர்கள் சிரித்தார்கள். அப்படி வீடு கிடைத்தால் எங்களுக்கும் சொல்லுங்கள் மேடம் என்றார்கள். கடைசியில் கூட வேலை பார்க்கும் டீச்சர் ஒருத்தி சொல்லி, ராஸ்தா பேட்டில் ஒரு பழைய வீட்டின் கீழ்ப்பகுதி கிடைத்தது. மாடியில் ஓனர் ராஜஸ்ரீ காக்கு தனியாக இருந்தார். காக்கு என்றால் மராத்தியில் சித்தி மாதிரி. முட்டி வலியால் மாடியை விட்டு இறங்கவே மாட்டார். பால்கனிதான் அவருக்கு உலகம். வந்த அன்றே பால்கனியில் இருந்து சட்டத்தைச் சொல்லிவிட்டார்: "வருஷத்துக்கு நூறு ரூபாய்தான் ஏற்றுவேன். ஆனால் இந்த கேட்டுக்குள் கறி, மீன், முட்டை வரக்கூடாது."

அக்கா சரி என்றாள். தூத்துக்குடி வம்சம், மீன் இல்லாமல் சோறு இறங்காது. கட்டின புருஷனைக்கூட ஒரு வார்த்தை கேட்காமல் சரி என்றாள்.

அதற்குப் பிறகு ஞாயிறு தோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் மூன்று பேரும் பஸ் ஏறி கட்கிக்கு வந்துவிடுவார்கள், என் வீட்டுக்கு. ஒரு வாரத்துக்கு வேண்டிய மீனை அத்தான் ஒரே பந்தியில் சாப்பிடுவார். அக்கா வீட்டு வாடகை ஏறவில்லை, என் வீட்டு மளிகைச் செலவு ஏறியது. சொல்லிக் காட்டியும் இருக்கிறேன். "ஓனரம்மா நூறு ரூவா ஏத்துதாவ, நீ எவ்வளவு ஏத்துதட்டி?" என்று அக்கா சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு மீன் எடுத்துக்கொள்வாள்.

அப்படியே வருஷங்கள் போயின. ஃபேபியோலா பத்தாம் வகுப்புக்கு வந்தாள். அந்த டிசம்பரில் அத்தானுக்கு டைபாய்டு வந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர் எலும்பும் தோலுமாக இருந்தார். தினம் ரெண்டு முட்டை, ஆட்டுக்கால் சூப் கொடுங்கள் என்றார் டாக்டர். பஸ்ஸில் கட்கி வரும் தெம்பு அவருக்கு இல்லை. அக்ரிமென்ட் முடியவும் அதே மாதம்தான்.

நான் அவித்த முட்டையும் ஃபிளாஸ்கில் சூப்புமாகக் காலை பஸ்ஸில் போனேன். அக்கா கேட்டிலேயே கையை நீட்டி மறித்தாள்.

"உள்ள கொண்டாராத."

"யக்கா, முட்டைக்கு என்ன வாயா இருக்கு, மாடில போய்ச் சொல்ல?"

"எனக்கு வாய் இருக்குல்லா. வராதுன்னு அன்னைக்கு அந்த வாயாலதான சொன்னேன்" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தி, "மார்ச்சுல பரீட்சட்டி. இன்னொரு தடவ மூட்ட கெட்ட என்னால முடியாது" என்றாள். கண் கலங்கியிருந்தது.

அத்தான் போர்வையைப் போர்த்திக்கொண்டு மெல்ல வெளியே வந்தார். கேட்டுக்கு அந்தப் பக்கம், சாக்கடைத் திண்டின்மேல் உட்கார்ந்து முட்டையைச் சாப்பிட்டார். புனேயின் டிசம்பர்க் குளிர். ரோட்டில் போகிறவர்கள் பிச்சைக்காரனைப் பார்ப்பதுபோல் பார்த்துப் போனார்கள். மாடி பால்கனியில் ராஜஸ்ரீ காக்கு துளசிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே பார்த்தார்.

ஐந்தாறு நாள் இப்படியே போயிற்று. எனக்கு ரத்தம் கொதித்தது. காய்ச்சல்காரனைச் சாக்கடை ஓரத்தில் உட்கார வைத்துச் சாப்பிட வைக்கிற வீடு வீடா? நூறு ரூபாய்க்கு இவ்வளவு மானம் போக வேண்டுமா? மறுநாள் அந்தக் கிழவியை நாலு வார்த்தை கேட்பது என்று முடிவு செய்தேன். அடுப்படித் தமிழில் வசவு தானாக வரும், இந்தியில் வராது. அதனால் கட்கியிலிருந்தே பஸ்ஸில் முணுமுணுத்து ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். பக்கத்து சீட்டுக்காரி நகர்ந்து உட்கார்ந்தாள்.

போய்ப் பார்த்தால் அத்தான் திண்டில் இல்லை. கேட்டுக்கு வெளியே, வெயில் விழும் இடமாகப் பார்த்து ஒரு மர நாற்காலி. கைப்பிடி வைத்தது. முதுகுக்கு ஒரு தலையணைகூட. அதில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்.

"யாரு அத்தான் போட்டது? அக்காவா?"

"காக்கு. விடியக்காலம் அவியளே தூக்கிட்டு எறங்குனாவளாம். ஒவ்வொரு படியா வச்சு வச்சு. நாங்க எந்திரிச்சு வந்து பாக்கும்போது இங்க கெடக்கு."

நான் நிமிர்ந்து பார்த்தேன். காக்கு பால்கனியில் ஒரு கையால் முட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். முகத்தில் சிரிப்பு எதுவும் இல்லை. முட்டையை உள்ளே கொண்டு போங்கள் என்றும் சொல்லவில்லை. சட்டம் சட்டம்தான் போலிருக்கிறது. ஒத்திகை பார்த்த இந்தி என் தொண்டையில் தயாராக நின்றது. நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேசிவிட்டார்.

"உன் அக்கா மணியை சாயங்காலம் மாடிக்கு வரச் சொல். அக்ரிமென்டில் கையெழுத்துப் போடணும். எப்போதும் போல நூறுதான்." திரும்பி உள்ளே போகப் போனவர் நின்றார். "அந்த நாற்காலியை உள்ளே எடுக்காதே. அவர் நாளைக்கும் சாப்பிட வேண்டாமா?"

சண்டைக்குப் போனவளுக்கு நடுரோட்டில் அழுகை வந்தால் அதைவிட அவமானம் வேறில்லை. நான் திரும்பிக்கொண்டு முட்டையை உரித்தேன்.